பழைய தோட்டா எங்கே கிடந்தது?

1881 ஜூலை 2. அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டுவிட்டான். முதுகு வழியாக உள்ளே போன குண்டு எங்கே நிற்கிறது என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. எக்ஸ்-ரே வர இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் அப்போது ஒரு கருவி செய்தார். உடலுக்குள் உலோகம் இருந்தால் காதில் ஒலி கேட்கும். உள்நாட்டுப் போரில் அடிபட்டு, குண்டை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்துப் பார்த்தார். கருவி வேலை செய்தது. அதிபரிடம் இரண்டு முறை முயன்றும் பலிக்கவில்லை. மெத்தைக்குள் இருந்த கம்பிச் சுருள்கள் ஒலியைக் குழப்பின. போதாததற்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் உறுதியாக நம்பியதால் அந்தப் பக்கம் மட்டுமே தேட அனுமதித்தார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

மெட்டல் டிடெக்டரின் கதை இப்படி ஓர் ஈயக் குண்டைத் தேடித்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்துப் பொறியாளர் செய்த கண்ணிவெடி தேடும் கருவி 1942இல் எல் அலமெய்ன் போருக்குப் போனது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய கருவிகள் சாதாரண மக்கள் கைக்கு வந்தன. இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வார இறுதியில் வயல்களில் டிடெக்டரோடு நடப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. நாணயமும் நகையும் கிடைக்கும் என்ற ஆசையில்தான் பலர் போகிறார்கள். கிடைப்பது என்னவோ ஆணியும் பாட்டில் மூடியும். அதற்கு அப்புறம் அடிக்கடி மேலே வருவது ஈயக் குண்டுகளும் பித்தளைக் கூடுகளும்.

கருவியைக் குறை சொல்ல முடியாது. சுருளில் ஓடும் மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்சுழல்கள் உண்டாகி, திரும்பி வரும் அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதத்தைத்தான் திரையில் எண்ணாகக் காட்டுகிறது. பழைய குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையமும் ஓர் ஈயக் குண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

தோண்டியாகிவிட்டது, கையில் ஏதோ இருக்கிறது. அது என்ன? முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் தோட்டா என்றோ குண்டு என்றோ சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் எல்லாம் சேர்ந்த, சுடாத முழுப்பொருள். முன்னால் பறந்துபோவது குண்டு. வெடிமருந்தைத் தாங்கி, சுட்டபின் துப்பாக்கியடியிலேயே விழுந்துவிடும் பித்தளைக் குழாய் கூடு. கூட்டின் அடியில் நடுவிலுள்ள சின்ன வட்டம் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தியதும் தீப்பொறி பிறக்கும்.

இந்தப் பிரிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. கூடு கிடந்தால் சுட்டவர் அங்கே நின்றிருக்கிறார். நசுங்கிய குண்டு கிடந்தால் அங்கே, அல்லது அந்தத் திசையில், இலக்கு நின்றிருக்கிறது. நசுங்காத குண்டு கிடந்தால், திணிக்கும் அவசரத்தில் கைதவறி விழுந்திருக்கலாம். அதுவும் சுட்டவர் நின்ற இடம்தான். இவற்றின் இடங்களைக் குறித்துக்கொண்டால் ஒரு சண்டையை மண்ணிலிருந்து படித்துவிடலாம். குறிக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்தால் மிஞ்சுவது ஈயம்தான், எடைக்கடையில் எடுத்துக்கொள்ளும் ஈயம். இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பெரிய ஆதங்கம் இதுதான்.

உருண்டையில் தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை போர்க்களத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் உருண்டை ஈயக் குண்டுகளையே சுட்டன. மண்ணில் நெடுங்காலம் கிடந்த ஈயம் பளபளக்காது. சாம்பல் கலந்த வெள்ளையில், சுண்ணாம்பு தடவியது போன்ற தோல் ஒன்று மேலே படிந்திருக்கும். அந்தத் தோலைச் சுரண்டக் கூடாது. கீழே இருக்கும் ஈயத்தைக் காப்பதே அதுதான். அதோடு அது விஷம். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

உருண்டை முழுசாக இருந்தால் விட்டத்தை அளந்து எந்தத் துப்பாக்கிக்கானது என்று சொல்லலாம். எதிலாவது மோதிச் சப்பையாகிப் போயிருந்தால்? அமெரிக்க விடுதலைப் போரின் மன்மத் போர்க்களத்தில், 1778 ஜூன் 28 அன்று சண்டை நடந்த நியூ ஜெர்சி மாநில வயல்களில், டேனியல் சிவிலிச் என்பவரும் தன்னார்வலர்களும் டிடெக்டரோடு பல ஆண்டுகள் நடந்தார்கள். அவர் கண்ட வழி எளிமையானது. குண்டு நசுங்கினால் வடிவம்தான் போகிறது, எடை போவதில்லை. எடையைக் கிராமில் எடுத்து, அதன் கனமூலத்தை 0.2232 ஆல் பெருக்கினால் நசுங்குவதற்கு முன்னிருந்த விட்டம் அங்குலத்தில் வந்துவிடும். இந்த எண் சுத்த ஈயத்தின் அடர்த்தியைவிடக் கொஞ்சம் குறைவான அடர்த்தியை வைத்துப் போட்டது. அச்சில் வார்த்த குண்டுக்குள் காற்றுக் குமிழிகளும் கலப்படமும் இருக்குமல்லவா?

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். மேசையில் இரண்டு சப்பை ஈயத் துண்டுகள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. முதலாவது 30 கிராம். கனமூலம் 3.107; பெருக்கினால் 0.69 அங்குலம். பிரிட்டிஷ் சிப்பாயின் பிரௌன் பெஸ் துப்பாக்கிக்கு வார்க்கும் அளவு இது. குழலின் விட்டம் 0.75 அங்குலம், சுடச்சுடக் குழலில் கரி சேரும், அப்போதும் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டும் என்று சிறியதாக வார்ப்பார்கள். இரண்டாவது 24 கிராம். கனமூலம் 2.884, விட்டம் 0.64 அங்குலம். இது பிரான்ஸ் நாட்டுத் துப்பாக்கிக்குப் பொருந்துவது. அமெரிக்கப் புரட்சிப் படைக்கு பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்த வகை. ஆறு கிராம் வித்தியாசத்தில் எதிரெதிர்ப் படைகள் பிரிந்துவிட்டன. சமையலறையில் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசே இதற்குப் போதும்.

பிரௌன் பெஸ் நமக்கும் அந்நியமில்லை. கிழக்கிந்திய கம்பெனி தன் படைகளுக்காகச் செலவைக் குறைத்துச் செய்வித்த ரகத்துக்கு ‘இந்தியா பேட்டர்ன்’ என்று பெயர். 1790களில் பிரான்ஸோடு போர் வந்ததும் பிரிட்டிஷ் ராணுவமே அந்த ரகத்தை எடுத்துக்கொண்டது. மதராஸ் படையின் சிப்பாய்கள் தோளில் இருந்ததும், ஐரோப்பியக் களங்களில் பிரிட்டிஷ் காலாட்படை பிடித்ததும் ஒரே குடும்பத்துத் துப்பாக்கிதான்.

பல் தடம் பதிந்த ஈயக் குண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிடைத்தவர்கள் உடனே ஒரு கதை சொல்வார்கள்: மயக்கமருந்து இல்லாத காலத்தில் காலை அறுக்கும்போது வலி தாங்கச் சிப்பாய் கடித்த குண்டு இது என்று. சில குண்டுகளை மனிதர்கள் கடித்திருக்கலாம். ஆனால் தடங்களை உற்றுப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் பன்றியின் கடைவாய்ப் பல்லோ எலி, அணில் வகையின் முன்பல்லோதான் பதிந்திருக்கிறது. மண்ணைக் கிளறும் பன்றி வாயில் அகப்பட்டதை மென்று பார்த்துவிட்டுத் துப்பியிருக்கிறது. மனிதப் பல் அவ்வளவு ஆழமாக ஈயத்துக்குள் இறங்காது.

1840களின் கடைசியில் குண்டின் வடிவமே மாறியது. பிரான்ஸின் கிளோட் எத்தியென் மினியே கூம்புக் குண்டைக் கொண்டுவந்தார். அடிப்பக்கம் குழிவாக இருக்கும். வெடிமருந்தின் அழுத்தத்தில் அந்தக் குழியின் ஓரம் விரிந்து, குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழல்கோடுகளைக் கவ்விக்கொள்ளும். குண்டு சுழன்றபடி நேராகப் போகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் களங்களில், வர்ஜீனியாவிலும் டென்னசியிலும் மண்ணைத் தோண்டினால் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். பக்கவாட்டில் மூன்று வளையப் பள்ளங்கள் இருந்தால் அமெரிக்க வார்ப்பு என்று எண்ணலாம். பள்ளமே இல்லாமல் வழுவழுவென்றிருந்தால் பிரிட்டனின் 1853 என்ஃபீல்டு துப்பாக்கிக்கான குண்டு. பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய அதன் காகிதத் தோட்டாவில் என்ன கொழுப்பு தடவியிருக்கிறது என்ற சந்தேகம்தான் 1857இல் வட இந்தியாவைப் பற்றவைத்த பொறிகளில் ஒன்று.

பித்தளைக் கூடு வந்த பிறகு அடையாளம் காண்பது இன்னும் சுலபமானது. கூட்டின் அடியைத் திருப்பி, ஈரத் துணியால் மண்ணைத் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது; பக்கவாட்டில் விழுந்தால் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் .303 கூடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (.303 என்பது குழலின் விட்டம், அங்குலத்தில்). மேலே ஆர், எல் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவே மேல்நோக்கிய ஓர் அம்பு. வுல்விச்சிலிருந்த அரசாங்க ராயல் லேபரட்டரியில் செய்தது என்று பொருள். அம்பு பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான குறி. பக்கத்தில் 17 என்று இருந்தால் 1917. ரோமன் எழுத்தில் 7 என்று இருந்தால் 1910இல் வந்த கூர்முனைக் குண்டு ரகம். கே, அம்பு, எஃப் என்று இருந்தால் புனேக்குப் பக்கத்திலுள்ள கிர்கித் தொழிற்சாலை. அந்த முத்திரையை ஏதோ ஒரு பாலைவனத்திலோ காட்டிலோ ஒருவர் தோண்டி எடுத்தால், இந்தியாவிலிருந்து கப்பல் ஏறிப் போன ஒரு பெட்டியின் மிச்சம் அவர் கையில் இருக்கிறது.

சண்டையே நடக்காத வயலிலும் கூடு கிடைக்கும். இங்கிலாந்தின் கெண்ட் பகுதி வயல்களில் .303 கூடுகள் கிடைக்கின்றன. 1940 கோடையில் அந்த வானத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் ஜெர்மானிய விமானங்களோடு மோதின. இந்த இரண்டு வகை பிரிட்டிஷ் விமானங்களின் இறக்கைகளிலும் பெரும்பாலும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள். சுட்ட கூடுகள் இறக்கையின் அடிவழியாக வெளியேறி மழைபோல் கீழே கொட்டின. பக்கத்திலேயே வேறு முத்திரையோடு 7.92 மில்லிமீட்டர் கூடு கிடந்தால் அது எதிரி விமானத்திலிருந்து விழுந்திருக்கலாம். சண்டை நடந்தது தலைக்கு மேல் பல ஆயிரம் அடி உயரத்தில். தடயம் கிடப்பது கிழங்கு வயலில்.

இதுவரை சொன்னதெல்லாம் சுடப்பட்டவற்றைப் பற்றி. பிரைமரில் ஊசி குத்திய பள்ளம் இல்லாமல், முனையில் குண்டும் இருந்தால் அது உயிருள்ள தோட்டா. பள்ளம் இருந்தும் குண்டு அப்படியே இருந்தால் வெடிக்காமல் போனது, அதுவும் ஆபத்துதான். இரண்டையும் சுத்தம் செய்யவோ, இடுக்கியால் பிரிக்கவோ, சூடாக்கவோ கூடாது. பிரிட்டனில் உயிருள்ள தோட்டா வைத்திருக்க உரிமச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவிலும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

பெரியவற்றின் ஆபத்து வேறு அளவில் இருக்கிறது. பழைய பீரங்கிக் குண்டுகளில் இரண்டு வகை. ஒன்று உள்ளே நிறைந்த இரும்பு. மற்றது உள்ளீடற்ற இரும்புக்குள் வெடிமருந்து அடைத்தது. துருவேறி மண் ஒட்டியிருக்கும்போது திரி வைக்கும் துளை மறைந்துவிடும், இரண்டையும் பிரித்தறிய முடியாது. 2008 பிப்ரவரியில் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்ப் பொருட்களில் நீண்ட அனுபவம் உள்ள ஒரு சேகரிப்பாளர், 9 அங்குலக் கடற்படைக் குண்டு ஒன்றைத் தன் வீட்டு முற்றத்தில் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அது வெடித்து அவர் இறந்துபோனார். 140 ஆண்டுக்கு மேல் ஆகியும் உள்ளே இருந்த கருமருந்து கெட்டுப்போகவில்லை. ஈரம் புகாதவரை கருமருந்துக்கு வயதே இல்லை. 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டட வேலை நடந்த இடத்தில் முதல் உலகப் போர்க் குண்டு ஒன்று வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த வட்டாரத்தில் உழவின்போது ஏறும் குண்டுகளை விவசாயிகள் வயலோரம் ஒதுக்கிவைப்பது வழக்கம். ராணுவக் குழு வந்து எடுத்துப்போகும். சிலவற்றுக்குள் இன்றும் விஷவாயு இருக்கிறது. கட்டைவிரலைவிடத் தடிமனான எதைப் பார்த்தாலும் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் போலீஸுக்குச் சொல்வதுதான் முறை.

இலங்கையின் வடக்கே முகமாலைப் பக்கத்து மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வன்னியிலும் யாழ் குடாநாட்டின் வாசலிலும் மெட்டல் டிடெக்டர் என்றாலே கண்ணிவெடி அகற்றுபவர் கையில் இருக்கும் கருவி. மண்டியிட்டு, ஒரு முழ மண்ணைத் துழாவி, அப்புறம் அடுத்த முழம். அங்கே வரும் ஒவ்வொரு ஒலியையும் ஆபத்து என்று எடுத்துக்கொண்டுதான் தோண்டுவார்கள். அந்த நிலத்தில் பொழுதுபோக்காக யாரும் தேடப் போகக் கூடாது.

சரி, இடத்தைக் குறிப்பது ஏன் முக்கியம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். இதற்கு லிட்டில் பிக்ஹார்னைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1876 ஜூன் 25 அன்று மொன்டானா புல்வெளியில் அமெரிக்க ராணுவ அதிகாரி ஜார்ஜ் கஸ்டரும் அவரோடு போன ஏழாவது குதிரைப்படையின் ஐந்து பிரிவுகளும் ஒருவர் மிச்சமில்லாமல் மடிந்தார்கள். எதிரே நின்றவர்கள் தங்கள் நிலத்தைக் காக்கப் போராடிய லகோட்டா, ஷையன், அராபஹோ மக்கள். குன்றின் உச்சியில் கடைசி ஆள்வரை அஞ்சாமல் நின்று சுட்ட வீரர்கள் என்ற சித்திரம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. உயிரோடு திரும்பிய சாட்சிகள் இல்லாமல் இல்லை. வென்ற தரப்பில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள், நடந்ததைச் சொல்லவும் செய்தார்கள். அவர்கள் பேச்சை வரலாறு எழுதியவர்கள் பல காலம் பொருட்படுத்தவில்லை.

1983 ஆகஸ்ட்டில் ஒரு தீ அந்தப் புல்வெளியை எரித்துத் தரையை வெறுமையாக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் தன்னார்வலர்களை டிடெக்டரோடு வரிசையாக நிறுத்தி நடக்கவைத்தார்கள். ஒலி வந்த இடத்தில் ஒரு கொடி. பின்னால் வந்தவர்கள் தோண்டி, எந்தத் திசையில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று எழுதி, அளவைக் கருவியால் இடத்தைக் குறித்த பிறகே பொருளை எடுத்தார்கள். இப்படி ஆயிரக்கணக்கான பொருட்கள்.

அப்புறம் போலீஸ் தடய அறிவியல் கூடங்களில் செய்வதைப் போர்க்களத்துக்குச் செய்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் கூட்டின் அடியில் தனக்கே உரிய தடத்தைப் பதிக்கும். குதிரைப்படையின் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன் என்ற குட்டைக் குழல் துப்பாக்கி சுட்டது .45 அளவுச் செம்புக் கூடு. அதன் பிரைமர் உள்ளே மறைந்திருப்பதால் அடிப்பகுதி மொட்டையாக, நடுவில் ஒரே பள்ளத்தோடு இருக்கும். ஹென்றித் துப்பாக்கியின் .44 கூடு குட்டையானது. அந்த ஊசிக்கு இரண்டு முனை, அதனால் விளிம்பில் எதிரெதிராக இரண்டு பள்ளங்கள். ஒரே தடம் உள்ள கூடுகளை வரைபடத்தில் கோத்துப் பார்த்தபோது, தனித்தனித் துப்பாக்கிகள் களத்தில் எப்படி நகர்ந்தன என்று தெரிந்தது. கால்ஹௌன் குன்றுக்குக் கீழே ஹென்றிக் கூடுகள் குவிந்து கிடந்த இடத்துக்கு ஆய்வாளர்கள் ஹென்றிவில் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே சுட்ட துப்பாக்கிகளில் சில பிறகு கஸ்டர் விழுந்த குன்றின் பக்கமும் சுட்டிருக்கின்றன. பூர்வகுடிகள் தரப்பில் 40க்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள் இருந்தன. வில்லும் அம்பும் மட்டுமே வைத்திருந்தார்கள் என்ற எண்ணம் அதோடு போயிற்று. கார்பைனில் கூடு சிக்கிக்கொண்டதால்தான் படை தோற்றது என்ற சமாதானமும் நிற்கவில்லை. கத்தியால் நெம்பி எடுத்த கீறல் மிகச் சில கூடுகளில் மட்டுமே இருந்தது.

படைவீரர்களின் கூடுகள் தொடக்கத்தில் ஒழுங்கான வரிசையில் கிடக்கின்றன, ஆள்களுக்கு இடையே சீரான இடைவெளி. பிறகு அந்த வரிசை குலைந்து கும்பலாகிறது. கடைசிக் குன்றில் நீண்ட எதிர்ப்புச் சண்டைக்கான கூடுகளே குறைவு. முடிவு விரைவாக வந்தது, பலர் ஓடும்போது விழுந்தார்கள் என்று ஃபாக்ஸ் வாதிட்டார். லகோட்டா, ஷையன் முதியவர்கள் நூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் பெருமளவு இதுதான். அந்தக் கூடுகளை யாராவது முன்பே பொறுக்கி, ஒரு ஜாடியில் போட்டு அலமாரியில் வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

இங்கிலாந்தின் பாஸ்வொர்த்திலும் இதே பாடம் கிடைத்தது. 1485இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் இறந்த களம் ஆம்பியன் குன்று என்று நம்பி அங்கே பார்வையாளர் மையமும் கட்டிவிட்டார்கள். க்ளென் ஃபோர்டு தலைமையில் 2005 முதல் நடந்த தேடலில் 30க்கும் மேற்பட்ட ஈயப் பீரங்கிக் குண்டுகள் அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தன. ரிச்சர்டின் சின்னமான காட்டுப்பன்றி வடிவில் செய்த சிறு வெள்ளிப் பதக்கமும் அந்தப் பக்கமே கிடைத்தது.

லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டரின் ஆட்கள் விழுந்ததாகக் கருதும் இடங்களில் 1890இலேயே வெள்ளைச் சலவைக்கற்கள் நட்டுவிட்டார்கள். பூர்வகுடி வீரர்கள் விழுந்த இடங்களுக்குக் கல் கிடையாது. அவர்களுக்கான முதல் சிவப்புக் கிரானைட் கற்கள் 1999இல்தான் அந்தப் புல்வெளியில் ஏறின, ஷையன் வீரர்கள் இருவருக்கு.